இரண்டு மிதவைச் சட்டைகள்

ஜொஹாரி ஆற்றோடு போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. நாற்பதாம் நாள் ஓதலுக்குப் போகாமல் இருக்க சப்ரி மூன்று பொய் யோசித்து வைத்திருந்தான். மூன்றும் வாய்க்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு, ஐந்து கிலோ சர்க்கரையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

வீட்டின் பின்புறம் பெண்கள் பெரிய சட்டியில் ரெண்டாங் இறைச்சி கிளறிக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் சுண்டும் வாசனை தெருமுனை வரை வந்தது. முன்கூடத்தில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இமாம் இன்னும் வரவில்லை. அவர் வரும்வரை பேச்சுக்கு என்ன பஞ்சம்?

சப்ரியால் தரையில் உட்கார முடியாது. இருபது வருஷமாக லாரியில் செம்பனைக் குலை ஏற்றி ஏற்றி முதுகு போய்விட்டது. சுவரில் சாய்ந்து நின்றான்.

"பாவம்தான், இல்லேங்கல. ஆனா திமிரு," என்றார் வாஹிட். ஜொஹாரியின் அண்ணன். "படகு வாடகைக்கு விடற தாவூத் எத்தன தடவ சொல்லிருப்பாரு? மிதவச் சட்டையப் போடு, படகோட மூக்கக் கட்டு, வாலக் கட்டாதேன்னு. கேட்டானா? சட்டைய மெத்த மாதிரி அடியில போட்டு உக்காந்திருக்கான்."

"யாருண்ணே போடறாங்க?" என்றான் பக்கத்து வீட்டு ரம்லி. "நான் ஒரு தடவ போட்டேன். மாப்பிள்ள வந்துட்டாரு வழி விடுங்கன்னு ஒரு மாசம் படகுலயே கொட்டடிச்சானுங்க."

"நீ பிடிக்கற இறாலுக்குச் சட்ட வேறயா?" என்றான் மூலையில் இருந்த ஒருவன்.

"ஏன், போன மாசம் ஒண்ணு மாட்டிச்சே, முழங்கை நீளம்!"

"போன வாரம் சொல்லும்போது சாண் நீளம்னே. செத்தப்புறமும் வளருதா அது?"

சிரிப்பு எழுந்து, இருக்கும் வீடு நினைவுக்கு வந்து அமுங்கியது.

"நம்ம எல்லாம் சிரிச்சிட்டுப் போயிருவோம்," என்றார் வாஹிட். "அவன் பிள்ளைங்க ரெண்டும், அப்பன் தன் முட்டாள்தனத்தால செத்தான்னு ஊரு சொல்றதக் கேட்டுக்கிட்டே வளரணும். அதான் என் வயித்தெரிச்சல்."

போலீஸிடமும் படகுத்துறையிலும் சப்ரி சொன்னது ஒரே வரிதான்: "ரெண்டு பேருமே போடல." பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் அவன் நாற்பது நாளாக ஒளிந்துகொண்டிருந்தான்.

அன்று அவனும் ஜொஹாரியும் போனபோது கடல் நீர் ஏறி நின்றிருந்தது. பேராக் ஆறு குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. பாலத்தூணடியில்தான் பெரிய இறால் மேயும். படகை அங்கே கட்ட வேண்டும் என்றால் முன்முனைக்குப் போய்க் குனிய வேண்டும். சப்ரியின் முதுகு அதற்கு இடம் கொடுக்கவில்லை. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்பக்கத்தைத் தூணோடு இறுக்கிக் கட்டிவிட்டான்.

"டேய், வாலையா கட்டற? தாவூத் பாத்தா உன் மீசைய எடுத்துருவாரு."

"அவரு எங்க பாக்கப் போறாரு? தண்ணி சும்மாதானே கிடக்கு."

ஜொஹாரி மிதவைச் சட்டை போட்டிருந்தான். அன்று அந்த ஆற்றில் கேலியைத் துடைத்துப் போட்டுவிட்டு அதைப் போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான். சப்ரி தன்னுடையதை வழக்கம்போலப் பலகைமேல் போட்டு உட்கார்ந்தான். அப்படியும் வலி தாங்காமல் முனகிக்கொண்டே இருந்தான். அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த ஜொஹாரி, வாரை அவிழ்த்துத் தன் சட்டையைக் கழற்றி நீட்டினான்.

"இந்தா கிழவா, இதையும் போட்டு உக்காரு. நீ முனகறதுல இறாலெல்லாம் ஊர விட்டே ஓடுது."

சப்ரி வாங்கிக்கொண்டான். நன்றிகூடச் சொல்லவில்லை.

பிறகு நீர் வடியத் தொடங்கியது. கிழக்கே மலையில் பெய்த மழையும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் நிறம் மாறியதை இரண்டு பேருமே பார்த்தார்கள். ஆனால் இறால் வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒண்ணு, போயிரலாம்." தூண்டில் பிடிக்கிறவனின் தீராத வியாதி இந்த இன்னும் ஒண்ணு. படகின் வால் நீரோட்டத்தைப் பார்த்துக் கட்டியிருந்தது. எஞ்சினும் அங்கே, சப்ரியும் அங்கே. முதலில் ஒரு கை தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. அடுத்து ஒரு வாளி. அதற்கப்புறம் நிற்கவில்லை. கயிறு இரும்புக் கம்பி மாதிரி விறைத்திருந்தது, முடிச்சு அசையவில்லை. கத்தி முன்னால் மண்புழு டப்பாவுக்குள் கிடந்தது.

படகு மூழ்கி, சப்ரி தண்ணீருக்கு மேல் தலை தூக்கியபோது அவன் நெஞ்சுக்கடியில் இரண்டு சட்டைகளும் இருந்தன. பத்து முழம் தள்ளி ஜொஹாரியின் தலை ஒருமுறை தெரிந்தது. ஒன்றை எறிந்திருக்கலாம். கை விரியவில்லை.

"சப்ரி அண்ணே."

அடுப்படி வாசலில் ஜொஹாரியின் மனைவி மைமூன் நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு போனான்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஓதல் முடிஞ்சா கூட்டமாயிரும். அவரு சட்ட போடலேன்னீங்க. அன்னிக்கு வீட்டுலயே நான்தான் வார் மாட்டி விட்டேன். அதோடதான் வண்டி ஓட்டிட்டுப் போனாரு, பிள்ளைங்க ரெண்டும் சிரிச்சிச்சுங்க. ஏண்ணே கழட்டினாரு?"

சப்ரியின் பார்வை நிலைப்படியிலேயே நின்றது.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்ட. நான் மாட்டினதுங்கற கோவத்துல கழட்டிப் போட்டாரா? அத மட்டும் சொல்லிருங்க. வேற எதையும் நான் கேக்க மாட்டேன்."

அதற்குமேல் அவனால் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். கயிறு கட்டியது, சட்டை வாங்கியது, கை விரியாதது.

மைமூன் அழவில்லை. உள்ளே போய் ஒரு மெத்தைத் திண்டை எடுத்து வந்தாள். பூப்போட்ட பழைய சாரோங் துணி. இலவம்பஞ்சு அடைத்திருந்தது. ஒரு பக்கம் தைக்காமல் வாய் திறந்து கிடந்தது.

"உங்க முதுகுக்குத்தான் தைக்கச் சொன்னாரு, படகுல போட்டு உக்கார. நாளைக்கு, நாளைக்குன்னு மூணு வாரம் ஓட்டிட்டேன். சண்டையே இதுக்குத்தாண்ணே."

திண்டை அவன் கையில் வைத்தாள். "ஒரு பக்கம்தான் பாக்கி இருந்துச்சு," என்றாள். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. அங்க யாரு சொல்றது?"

அவன் முன்கூடத்துக்குத் திரும்பினான். வெளியே இமாமின் வண்டி வந்து நின்றது. எல்லோரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். ரம்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "வாண்ணே, இதுல உக்காரு. எத்தன நேரம் நிப்பே?"

"வேணாம்."

"உக்காருப்பா, ஓதப் போறாங்க," என்றார் வாஹிட்.

"ஓதறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்ணே."

"முடிஞ்சப்புறம் சொல்லேன்."

"இல்லண்ணே. இப்பவே."

இமாம் வாசற்படியிலேயே நின்றார். கதவோரம் ஜொஹாரியின் பிள்ளைகள் இரண்டும் எட்டிப் பார்த்தன. சப்ரியின் கை திண்டை இறுக்கியது. திறந்திருந்த வாய் வழியாகப் பஞ்சு பிதுங்கிப் பாயில் விழுந்தது. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. நிமிர்ந்து நின்றான்.

"ஜொஹாரி சட்ட போட்டுட்டுத்தான் வந்தான்," என்றான். "படகோட வாலக் கட்டினது நான்."