சமையலறைக்குப் பின்னால் ஒரு எல்லைக்கல்

இரண்டு நகராட்சி மஜ்லிஸ்களின் ஆட்களும் ஒரே காலையில் ஒரே சாக்கடைக்கு வந்து சேர்வதற்குச் சாந்தமேரி சாக வேண்டியிருந்தது. அவள் கணவர் இக்னேஷியஸ் பதினோரு வருடமாக எழுதிப் போட்ட மனுக்களுக்கு யாரும் வரவில்லை. சாக்கடை எங்கள் எல்லைக்குள் இல்லை என்று சின்ன மஜ்லிஸ் பதில் போடும். எங்கள் வரைபடத்தில் அது உங்களுடையதுதான் என்று பெரிய மஜ்லிஸ் போடும். முத்திரை மட்டும் இரண்டிலும் பளிச்சென்று இருக்கும். சுங்கை வேயை ஒட்டிய வரிசையாக நின்ற பன்னிரண்டு வீடுகளுக்குப் பின்னால், ஊர்க்காரர்கள் லோங்காங் என்று சொல்லும் அந்தச் சாக்கடை ஓர் ஆள் ஆழத்துக்கு, மூடியில்லாமல், அது பாட்டுக்குக் கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டதும் காய்ந்த துணியை எடுக்க ஓடியவள் சறுக்கி உள்ளே விழுந்தாள். இக்னேஷியஸ் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

சின்ன மஜ்லிஸிலிருந்து கமலநாதன் வந்திருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதை தெரிந்த பையன். பெரிய மஜ்லிஸ்காரர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டு தள்ளி நின்றார்.

"அங்கிள், இந்த எல்லைக்கல்லு லோங்காங்குக்கு இந்தப் பக்கம், வீட்டுப் பக்கம் இருக்கு. அப்போ லோங்காங் பெரிய மஜ்லிஸோடது. ஆனா அவங்க பழைய பிளான்ல கோடு அந்தப் பக்கமா ஓடுது. கல்லு நட்டப்ப நீங்களும் வேலையில இருந்தீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. இங்கதான் நட்டாங்களா?"

இருந்தார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன், இந்த இடம் சின்ன மஜ்லிஸ் எல்லைக்குள் வந்த புதிதில், அளவுக்காரர்களுக்குக் கல் சுமந்தவர் அவர்தான். பிளான்படி கல் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நட வேண்டும். அப்படி நட்டால் சாக்கடை சின்ன மஜ்லிஸுக்கு வரும். தங்கள் எல்லைக்குள் வரும் சாக்கடை என்பதால் கரையில் ஆறடி காலி விடச் சொல்வார்கள். அந்த ஆறடியில்தான் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தார்கள். சாந்தமேரியின் சமையலறைத் தரைக்கு அப்போதுதான் நீல ஓடு பதித்து முடிந்திருந்தது. ஓடு அவளே கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கியது. கிறிஸ்துமஸுக்கு அங்கேதான் முதல் அடுப்பு என்று காத்திருந்தாள். அளவுக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் இக்னேஷியஸ் அங்கே நட்டிருந்த கல்லைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டுவிட்டார். திரும்பி வந்தவர் கல் இருந்த இடத்தை அளந்து எழுதிக்கொண்டார். கால் மணி நேர வேலை. சாந்தமேரியிடம் மட்டும் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் மலையையே நகர்த்தியிருப்பார்.

பிறகு சின்ன மஜ்லிஸும் வளர்ந்து பெரிய கட்டடத்துக்குப் போனது. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பின. கல் மட்டும் நட்ட இடத்திலேயே இருந்தது. மனுக்களில் எல்லாவற்றையும் எழுதியவர் அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

மகள் கிறிஸ்டின் காப்பித் தட்டோடு பின்வாசலில் நின்றாள். இக்னேஷியஸ் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர்கள் போய்விடுவார்கள், அம்மாவின் அடுப்படி அவளுக்கு மிஞ்சும். அடுத்த வீட்டு அமுதவள்ளி அதே கரையில், வழுக்கும் பாசியில் கால் வைத்து, ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"இங்க இல்ல தம்பி," என்றார் இக்னேஷியஸ். "அந்தப் பக்கம். நான்தான் புடுங்கி இங்க நட்டேன்."

கமலநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அங்கிள், இத எழுதினா லோங்காங் நம்ம மஜ்லிஸுக்கு வந்துரும். மூடி போட்டுருவோம். ஆனா கிச்சன் எல்லாம் உடைக்கச் சொல்லுவாங்க லா."

"தெரியும். எழுதுங்க."

கிறிஸ்டின் தட்டைக் கீழே வைத்தாள். "மம்மிக்குத் தெரியுமா டேடி?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா இத்தன வருஷம் அந்த லோங்காங் ஓரத்துல..." அவள் அடித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கமலநாதன் அளவு நாடாவை எடுத்தான். கூட ஆள் கொண்டு வரவில்லை. இக்னேஷியஸே ஒரு முனையை வாங்கி, சாந்தமேரி சறுக்கிய இடத்தில், கரை விளிம்பில் குந்திப் பிடித்துக்கொண்டார். நாடா கரையோரத்து ஒடுங்கிய தரையைக் கடந்து, வாசற்படி ஏறி, நீல ஓட்டின் மேல் நீண்டது. ஆறடி அடுப்புக் காலடியில் முடிந்தது. அங்கே பிடிக்க ஆள் வேண்டும். கமலநாதன் தயங்கி நின்றான். கிறிஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாடாவின் மறுமுனையில் அவள் கை பட்டு, அது இறுகுவது இக்னேஷியஸின் விரலுக்குத் தெரிந்தது.