வெடித்தது எந்தப் பக்கம்?

செயற்கைக்கோளை நிலையாகப் பிடித்திருந்த சுழல்சக்கரங்களில் கடைசியும் நின்றுபோனதிலிருந்து அது தலைகால் தெரியாமல் உருண்டுகொண்டிருந்தது. சூரியத் தகடுகளுக்கு வெயில் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. பேட்டரி நாளுக்கு நாள் வற்றியது. மேலிடம் ஏற்கெனவே கையை விரித்துவிட்டது. அதிலிருந்த காமாக் கதிர்க் கருவியை வடிவமைத்தவளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கட்டுப்பாட்டு அறையே கதி என்று கிடந்தாள்.

"உன் மூத்த பிள்ளைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கணவன் போனில் கேட்பான். செயற்கைக்கோளை அப்படிச் சொல்வது முதலில் கேலியாக இருந்தது. இப்போது அவன் குரலிலும் கவலை தட்டியது.

அன்று காலை ஒரு வெடிப்பு தெரிந்தது. கோடானுகோடி மைல்களுக்கு அப்பால் என்றோ ஒரு பெரிய நட்சத்திரம் செத்துவிழ, அதிலிருந்து பீறிட்ட காமாக் கதிர்கள் அன்றுதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. பூமியை விட்டு வெகுதூரம் போயிருந்த இரண்டு விண்கலங்கள் அதைப் பதிவு செய்தன. இத்தனை பிரகாசமான வெடிப்பை யாரும் பார்த்ததில்லை. ஆனால் வானத்தில் எந்தப் பக்கம் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு கலத்தையும் கதிர்கள் எப்போது தொட்டன என்பதை வைத்துத்தான் திசையைக் கணக்கிட முடியும். இரண்டு நேரங்களை வைத்தால் வானத்தைச் சுற்றி ஒரு வளையம்தான் கிடைக்கும். மூன்றாவது நேரம் வேண்டும். வெடிப்பின் மிச்ச ஒளியோ மணிக்கு மணி மங்கிக்கொண்டிருந்தது; அது மறைவதற்குள் தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பியாக வேண்டும்.

"நம்மகிட்டயும் பதிவாகியிருக்கும்மா!" கட்டுப்பாட்டாளர் கத்தினார். அவரை எல்லோரும் ஒலிபெருக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியம் பேசினால்கூட அடுத்த மாடிக்குக் கேட்கும்.

அடுத்த வினாடியே அவர் குரல் இறங்கியது. "பேட்டரியைப் பாரு. மத்தியானம் நம்ம தலைக்கு மேல வரும்போது ஒரே ஒரு தடவைதான் பதிவைக் கீழே இறக்க முடியும். அதுக்கப்புறம் கரன்ட் போயிடும், மெமரியும் காலி. ரெண்டு பதிவு இருக்கு. எது வேணும்?"

நேரப் பதிவு சின்னது. இன்னொன்றில் ஒவ்வொரு கதிரின் ஆற்றலும் இருந்தது. அதை அளப்பதற்காகத்தான் அந்தக் கருவியையே செய்திருந்தாள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதும், அப்பாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இல்லாமல் போனதும் அதற்காகத்தான்.

"ரெண்டையும் கேட்டுப் பார்ப்போமே அண்ணா."

"ரெண்டும் வராமப் போயிட்டா?"

"பெருசு மட்டும்?"

"பாதியில அறுந்துடும். வந்த பாதி எதுக்கும் உதவாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்துதான் கேட்டாள். மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"நேரத்தை மட்டும் இறக்குங்க."

மத்தியானம் சிக்னல் வந்தது, போனது. செயற்கைக்கோள் உருளும்போது ஆன்டெனா இந்தப் பக்கம் திரும்பினால்தான் உண்டு. பதிவு பாதியில் நின்றது. "திரும்பு, திரும்பு" என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். திரும்பியது. மீதியும் வந்தது. திரையில் மின்னழுத்தம் சரசரவென்று இறங்கி, கோடு படுத்துவிட்டது.

அழ நேரமில்லை. உடனே கணக்குப் போட்டாள். நீண்ட வளையம் ஒரு சிறு துண்டாகச் சுருங்கியது. வானத்தில் அந்த இடத்தைக் குறித்து எல்லா வானாய்வகங்களுக்கும் அனுப்பினாள். முதல் பதில் "இங்கே மேகம்" என்றது. அடுத்தது "எங்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழே" என்றது. அப்புறம் யாரிடமிருந்தும் பதில் இல்லை. போனையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், ஏற்கெனவே இருட்டியிருந்த ஒரு தொலைதூர மலை உச்சி ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "கிடைச்சிடுச்சு! நீங்க சொன்ன இடத்துலயே ஒரு புள்ளி. பழைய படத்துல அது இல்ல. அதோட ஒளியைப் பிரிச்சு எவ்வளவு தூரம்னு பார்த்துடலாம். ரொம்ப நன்றிங்க!"

"சந்தோஷம்" என்றாள். கண் திரையில் படுத்துக் கிடந்த கோட்டிலேயே இருந்தது.

செயற்கைக்கோள் மறுபடி தலைக்கு மேல் வரும் நேரம். ஒலிபெருக்கி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதை எழுப்பிப் பார்க்கக் கட்டளை அனுப்பினார். வெறும் இரைச்சல். மறுபடி அனுப்பினார். இரைச்சல்தான்.

"போதும்மா. வீட்டுக்குப் போ." முதல் தடவையாக அவர் குரல் பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை அனுப்பினார்.