மிதித்தால் கிளம்பாத கார்

என் தங்கையை அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது ஒரு பழைய கார்புரேட்டர். அது தெரியாமல் அதை நானே கழற்றிப் பெஞ்சில் போட்டிருந்தேன்.

கார் அவள் புருஷனுடையது, அவன் அப்பா காலத்து வண்டி. அதன் மேல் ஈ உட்கார்ந்தால்கூட துணியை எடுத்துக்கொண்டு ஓடுவான். என் வொர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அக்கா, இந்தக் கார்புரேட்டரைத் தூக்கிக் கடாசிட்டு இன்ஜெக்‌ஷன் வச்சுக் குடுங்க. அவசரத்துக்குக் கிளம்பவே மாட்டேங்குது சனியன்."

"புதுசா வாங்கினா விலையைக் கேட்டே மயக்கம் வரும், மாப்பிள்ளை."

"பழசைப் போட்டு ஒப்பேத்துங்க. நம்ம வீட்டுக் கார்தானே."

ஒப்பேற்றுவது எனக்குப் பிடித்த வேலை. வண்டி உடைக்கிற இடத்தில், முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய ஒரு சின்னக் காரிலிருந்து எஞ்சினுக்குள் காற்று போகிற வாயை, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரோடு சேர்த்து எடுத்தேன். கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் அது உட்காரவில்லை. அலுமினியத் தகட்டை அறுத்து, ராவி, நடுவில் வைத்து உட்காரவைத்தேன். பம்ப் ஒரு வேனிலிருந்து வந்தது. பெட்ரோலை அளந்து விடச் சொல்லும் கம்ப்யூட்டரை யாரோ பாதியில் விட்ட வேலையிலிருந்து வாங்கினேன். பெட்ரோல் குழாய்களை மட்டும் புதிதாக வாங்கினேன். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சீறிக்கொண்டு வரும், அதில் கஞ்சத்தனம் செய்தால் காரோடு ஆளும் எரிய வேண்டியதுதான்.

வேலை பாதியில் இருக்கும்போது தங்கை வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் கிடந்த கார்புரேட்டரை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"இதையே திரும்ப மாட்டிடுக்கா."

"ஏன்டி? உன் புருஷன்தானே கேட்டான்?"

பதிலுக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே நான்கு விரல் பதிந்த நீலம். அதற்கும் மேலே பழைய மஞ்சள். காதுக்குப் பின்னால் முடியை விலக்கினாள். தையல் போட்டிருந்தார்கள், அதுவும் எனக்குத் தெரியாது.

"அடிக்க ஆரம்பிச்சா நான் பின்கதவு வழியா ஓடிடுவேன். அவர் காரை எடுத்துட்டுத் துரத்த வருவார். கோவத்துல ஆக்ஸிலரேட்டரைப் போட்டு மிதி மிதின்னு மிதிப்பார். பெட்ரோல் ஊத்தி எஞ்சின் அடைச்சுக்கும். அப்புறம் பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு அதோட மல்லுக்கட்டுவார். அதுக்குள்ள நான் பஸ் ஏறிடுவேன், அவருக்கும் அடங்கிடும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரறிந்த விஷயம். வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டேன். அவன் மண்டையில் எந்த இடம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். தங்கை ஓடிவந்து வாசலை மறித்தாள்.

"இதுக்குத்தான்க்கா உன்கிட்ட இத்தனை நாள் சொல்லல."

"என்னடி சொல்ற? அவனைக் கொஞ்சணுமா?"

"வெளியூர்ல வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். கூப்பிட்டதும் போயிடுவேன். அதுவரைக்கும் எனக்கு ஓடறதுக்கு நேரம் வேணும். அவ்வளவுதான்."

"இங்கயே இரு. வரட்டும், பாத்துக்கறேன்."

"வருவார். நீ ஒருத்தி, அவர் ஒருத்தர், யாராவது ஒருத்தர் செத்துக் கிடப்பீங்க. நான் நடுவுல நின்னு பாக்கணுமா?"

கார்புரேட்டரைத் திரும்ப மாட்டினால் ஏன் என்று கேட்பான், அப்புறம் அவளைத்தான் உதைப்பான். அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். வழி அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால், எஞ்சினில் பெட்ரோல் அதிகமாகிவிட்டது, ஓட்டுகிறவர் அதைக் காயவைக்கிறார் போலிருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும். இன்ஜெக்டரை மூடிவிடும், பெட்ரோல் வராது. அடிவரை என்றிருந்ததை லேசாகத் தொட்டாலே என்று நான் மாற்றினேன். கால் படாமல் சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் கிளம்பும். மிதித்தால் விடிய விடிய முக்கும், கிளம்பாது.

மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும்போது உள்ளதையே சொன்னேன்.

"ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீங்க. சாவி மட்டும்."

ஒரே திருப்பில் கிளம்பியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பானெட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனான். சொன்னது அவன் காதில் ஏறியிருக்கும். ஆனால் கோபம் வந்தால் காதில் ஏறியதையா கேட்கிறோம்? கால் பழகியதைத்தான் செய்யும். அடுத்தடுத்து இரண்டு தடவை தங்கையிடமிருந்து செய்தி வந்தது, ஒரே சொல்லில்: "கிளம்பல." பஸ்ஸிலிருந்து அனுப்பியிருந்தாள். எனக்கு அப்படி ஒரு கர்வம்.

மூன்றாவது முறை செய்தி வரவில்லை, போன் வந்தது. எடுத்தேன். பேச்சில்லை. கண்ணாடி உடைகிற சத்தம், அப்புறம் "பின்கதவையா தேடற?" என்ற அவன் குரல். கூப்பிட்டுவிட்டுப் போனை எங்கோ போட்டிருக்கிறாள்.

கிடைத்த டாக்சியில் ஏறினேன். ஸ்பானர் மடியில் இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விரட்டினார், வாசலில் இறக்கிவிட்டதும் போய்விட்டார்.

பின்கதவுக்குக் குறுக்கே பீரோவைத் தள்ளி வைத்திருந்தான். யோசித்துச் செய்திருக்கிறான் பாவி. சமையலறையில் தங்கையின் முடியைக் கையில் சுற்றி, முகத்தை ஃப்ரிட்ஜ் கதவில் மோதிக்கொண்டிருந்தான். வெள்ளைக் கதவில் ரத்தம் வழிந்தது. அவள் கத்தவில்லை, ஒவ்வொரு மோதலுக்கும் "சரி, சரி" என்றாள். அந்தச் "சரி"யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்பானரை ஓங்கி அவன் தோளில் இறக்கினேன். எலும்பு முறிந்தது என் கைக்குத் தெரிந்தது. முடியை விட்டான். திரும்பி மறு கையால் என் வாயில் குத்தினான். இரண்டு பல் ஆடியது. இன்னொரு அடி முழங்காலில் போட்டேன், சரிந்தான். எனக்குப் போதவில்லை. மூன்றாவதுக்கு ஓங்கும்போது தங்கை என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, வா. வந்துடு. சாவி மாட்டியிருக்கு."

ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு ஓடினோம். நான் டிரைவர் சீட்டில் விழுந்தேன். சாவியைத் திருப்பினேன். முக்கியது. கிளம்பவில்லை.

கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. மறுபடி திருப்பினேன், மறுபடி முக்கல். அதற்குள் நொண்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டான், நான் உள்ளே போட்டுவிட்டு வந்த ஸ்பானர் இப்போது அவன் கையில். ஈ உட்காராத பானெட்டில் முதல் அடி. இரண்டாவதில் முன்கண்ணாடி எங்கள் மடியில் கொட்டியது. என் பக்கக் கண்ணாடியும் போனது. ஸ்பானர் முனை என் புருவத்தைக் கிழித்தது. ஒரு கண்ணில் ரத்தம். திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"அக்கா," என்றாள் தங்கை. உதடு பிளந்திருந்தது. குரல் மட்டும் தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல இருந்தது. "காலை எடு."

குனிந்து பார்த்தேன். என் கால் ஆக்ஸிலரேட்டரை அடிவரை நசுக்கிக்கொண்டிருந்தது.

எடுத்தேன். ஒரே திருப்பில் கிளம்பியது.

அவன் ஜன்னலுக்குள் கையை விட்டு என் கழுத்தைப் பிடித்தான். அப்படியே வண்டியை எடுத்தேன். கேட்டைத் தாண்டித் தெருவரைக்கும் தொங்கிக்கொண்டே வந்தான். கையைக் கடித்தேன். பிடி விட்டது, உருண்டான்.

தெருமுனையில் பிரேக் போட்டேன். பின்னால் பார்த்தேன். நடுத்தெருவில் மண்டிபோட்டு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிவர்ஸ் போட்டேன். எனக்குத் துளி நடுக்கமில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

எஞ்சின் நின்றது. தங்கை சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டிருந்தாள்.

"குடுடி."

"மாட்டேன்."

"விட்டா மறுபடி வருவான்டி!"

கத்தியபடி சாவிக்காகக் கையை நீட்டினேன். அவள் சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டாள். என் கை அப்படியே நின்றுவிட்டது.

"உன்னைப் போய் அடிப்பேனாடி?"

"தெரியும்க்கா. எனக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியல." கையை மெல்ல இறக்கினாள். "இறங்கு. நான் ஓட்டறேன்."

நான் இறங்கிச் சுற்றி வந்தேன். முன்கதவைத் திறக்கப் போனபோது தலையசைத்தாள்.

"பின்னாடி உக்காரு. கோவத்துக்குப் பக்கத்துல உக்காந்து எனக்கு அலுத்துப்போச்சு."

பின்சீட்டில் ஏறினேன். சாவியைத் திருப்பினாள், சத்தமில்லாமல் கிளம்பியது. கண்ணாடி இல்லாத முன்பக்கத்திலிருந்து காற்று நேராக என் முகத்தில் அடித்தது. அழுதேன். அவளுக்குக் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் வொர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ். நீயும் தையல் போட்டுக்கோ."

"சேர்ந்தே போலாமேடி."

"வேணாம்."

"அப்புறம் எங்க போற? எந்த ஊரு?"

"இப்பச் சொல்ல மாட்டேன்க்கா. நாளைக்கே உன்கிட்ட வந்து நிப்பார். நீ கோவத்துல வாயை விட்டுடுவ."

இறங்கிக் கதவைச் சாத்தினேன், மெதுவாகத்தான் சாத்தினேன். அவள் போனாள்.