திரைக்குப் பின்னால் ஒரு டார்ச்

கும்மிடிப்பூண்டியின் அந்தக் கொட்டகையில் சினிமா வருவதற்கு முன் நாடகம் நடந்தது. ஊரே மண் சுமந்து, செங்கல் சுமந்து கட்டியது. நாடகம் நடந்த இடம் என்பதால்தான் திரைக்குப் பின்னால் பழைய மேடை அப்படியே இருந்தது. ஸ்பீக்கர்கள் நின்றதும் அங்கேதான். சத்தம் முன்பக்கம் வரவேண்டுமே, அதற்காகத் திரை முழுக்க ஊசித் துளைகள். முன்னாலிருந்து படம் விழுந்துகொண்டிருக்கும்வரை அவை யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆப்பரேட்டர் ஹனீப் இதை நம்பித்தான் ஸ்டீவனை அந்த மேடையில் ஒளித்து வைத்திருந்தார். இரும்பு உருக்காலையில் கொதிகுழம்பு கொட்டி மூன்று பேர் வெந்து செத்ததைக் கண்ணால் பார்த்தவன் ஸ்டீவன். நாளைக் காலை கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டும். அதைத் தடுக்க உருக்காலைக் கான்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு நாளாக அவனைத் தேடினார்கள்.

மேட்னி ஷோ. இருட்டில் நடக்கும் சண்டைக் காட்சி. திரையின் கீழ்மூலையில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. பிலிம் கருகியிருக்கிறதோ என்று நினைத்தார் ஹனீப். கருகலென்றால் ஒரு நொடியில் ஓடிவிடும். இது மெதுவாக நகர்ந்தது. திரைக்குப் பின்னால் டார்ச்!

கேபினிலிருந்து இரும்புப் படி இறங்கி மேடைக்குச் சுற்றிப்போக இரண்டு நிமிடம் ஆகும். சண்டைச் சத்தத்தில் ஸ்டீவன் கத்தினாலும் கேட்காது. விளக்குக்கும் பிலிமுக்கும் நடுவிலிருக்கும் தகட்டை ஹனீப் இறக்கினார். சத்தத்தையும் அணைத்தார்.

"டேய் ஆப்பரேட்டர்! தூங்கிக்கினு கீறியா?"

"கேபின்ல நாஷ்டா துன்னுறான்டா!"

முன்வெளிச்சம் போனதும், மேடையின் பின்பக்கம் தரையில் வைத்திருந்த டார்ச்சின் வெளிச்சம் துளைகள் வழியே வந்தது. திரையில் மூன்று நிழல்கள். ஒன்று மண்டியிட்டிருந்தது. ஒன்று அதன் தலைமயிரைப் பிடித்திருந்தது. மூன்றாவது கத்தியை ஓங்கியது. கொட்டகையில் விசில் பறந்தது. படம்தான் மறுபடி ஓடுகிறது என்று நினைத்துவிட்டார்கள்!

கத்தி இறங்கியது. "யம்மா!"

பின்னணி இசை இல்லாத அந்த அலறலில் விசில் நின்றது. கேபின் ஓட்டையில் முகத்தை வைத்து ஹனீப் கத்தினார்: "படம் இல்லடா அது! நம்ம ஸ்டீவன்! வெட்றானுங்க!"

பெஞ்சுகள் கவிழ்ந்தன. கூட்டம் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பெஞ்சுக் கால்கள் எலும்பில் விழும் சத்தம் படியிறங்கிய ஹனீபுக்குக் கேட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஒருவன் பற்களைத் துப்பிக்கொண்டிருந்தான். கத்தி வைத்திருந்தவன் குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான் ஸ்டீவன். இடதுகையில் இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. வலதுகையில் அதே கத்தி.

"போடு ஸ்டீவா! சொருவு!" கூட்டம் கத்தியது.

ஹனீப் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "உட்ரு."

"இவன் என்னிய உட்டானா பாய்?"

"நாளிக்கு நீ சாட்சி. இப்ப குத்துனா, இந்த நானூறு பேரும் உனுக்கு எதிர்சாட்சி. வெந்து செத்த மூணு பேருக்கு யார்ரா பேசுவா?"

ஸ்டீவன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். குத்தச் சொன்ன வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. கத்தி இறங்கியது. கீழே கிடந்தவனின் காதுக்கு ஒரு விரல்கடை தள்ளி, மேடைப் பலகையில் பாதிவரை புதைந்தது.

ஹனீப் தோள் துண்டால் அவன் கையை இறுக்கிக் கட்டினார். துண்டு உடனே சிவந்தது.

"கோர்ட்டு எத்தினி மணிக்கு பாய்?" என்று கேட்டான் ஸ்டீவன்.