இரண்டு முறை வழியனுப்பியவள்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று மாடி வீட்டுப் பெண் முதல் தடவை சொன்னபோது கீழ்க்கடை டெய்லர் அக்கா கண் வீங்க அழுதாள். மறுநாளே அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் இடத்துக்கு வரவேண்டியவர் வரமாட்டேன் என்றுவிட்டாராம். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றார் மேலாளர்.

பொறுத்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன விஷயம்தான். கணவன் எட்டு மாதமாக வேறு ஊர்த் தொழிற்சாலையில்; அவள் மாற்றல் கேட்டதும் அந்த ஊருக்குத்தான். மாதத்துக்கு இரண்டு தடவை அழுக்குத் துணிப் பையோடு வந்து, துவைத்த துணிப் பையோடு போவான். அவளும் இரண்டு வயதுகூட நிரம்பாத மகளும் மாடியில், பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவே குடித்தனம் செய்தார்கள். கரண்டியைத் தேடினால் போர்வை அகப்பட்டது. அவள் ஒரு பெட்டியைக் கட்டி முடிப்பதற்குள் மகள் இன்னொன்றைக் காலி செய்து அதற்குள் உட்கார்ந்துகொள்வாள்.

காலை எட்டு மணிக்குக் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுவாள். அக்காவுக்குக் குழந்தை வைத்த பெயர் 'தையா'. வெட்டுத்துணிக் கூடைதான் மெத்தை. மெஷின் சத்தம்தான் தாலாட்டு. அக்கா நூல் மாற்றுவதற்காக மிதிப்பதை நிறுத்தினால் குழந்தை விழித்துக்கொள்ளுமாம். "என்னை ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடமாட்டேங்கிறா இந்த முதலாளியம்மா" என்று பெருமையாகச் சலித்துக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து கையை நீட்டினாள். குழந்தை திரும்பி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "ம்மா" என்றது.

அக்கா பதறிப்போனாள். "ஏய், அம்மா அங்க நிக்கிறாங்க பாரு. நான் தையாடி."

"விடுங்கக்கா, குழந்தைதானே" என்று சிரித்தாள் அவள். உள்ளே மட்டும் சுருக்கென்றது. மாடிப்படி ஏறும்போதே மேலாளரைப் போனில் கூப்பிட்டு, "எப்ப சார் என்னை விடுவீங்க?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

இரண்டாம் தடவை லாரிகூடச் சொல்லியாயிற்று. அக்கா மறுபடி அழுதாள். ரவிக்கை வாங்க வந்த பெண்கள் சுற்றி நின்று தேற்றினார்கள். கிளம்ப ஒரு நாள் இருக்கையில் மறுபடியும் தள்ளிப்போயிற்று. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்கள்லாம் என்னை அழவச்சே கொன்னுடுவீங்க போல!"

மூன்றாவது உத்தரவு ஒரு வியாழக்கிழமை வந்தது. திங்களன்று அங்கே வேலையில் சேர வேண்டும்.

"இந்தத் தடவை நிஜம்க்கா."

அக்கா துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நிஜம்னா நல்லபடியா போய்ட்டு வாங்க."

சனிக்கிழமை காலை கடை பூட்டியிருந்தது. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணவன் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, மனம் கேட்காமல் நிறுத்தச் சொன்னான். அரை மணி காத்திருந்தார்கள். குழந்தை ஷட்டரை உள்ளங்கையால் தட்டித் தட்டி, "தையா, தொற!" என்றது. பிறகு அதைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா? அப்படி என்ன கோபம்?" என்று வழியெல்லாம் அவள் புலம்பினாள்.

புது வீட்டில் குழந்தை ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் போய்ப் பார்த்து, "தையா?" என்று கேட்டது. சாப்பாட்டைத் துப்பியது. மதியம் தூங்கவே இல்லை. கணவன் ஒரு யோசனை செய்து வாஷிங் மெஷினை வெறுமனே ஓடவிட்டான். குழந்தை காதைக் கொடுத்துக் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தது. ஏமாந்து இன்னும் உரக்க அழுதது. அவனும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பதினைந்து நாள் அப்படிப் போயிற்று. பிறகு கேள்வி குறைந்தது. ஒரு மாதத்தில் நின்றே போயிற்று. இப்போது 'ம்மா' என்றால் அவள் ஒருத்திதான். ஆசைப்பட்டது அதற்குத்தானே என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆறுதலாக இல்லை.

இரண்டாம் மாதம் அக்காவே கூப்பிட்டாள். "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்துட்டேம்மா. இன்னொரு தடவை அழ என்கிட்ட தெம்பு இல்ல. நீங்க போயிருப்பீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் வந்தேன். கோபமா?"

"இல்லக்கா."

"அவ மூஞ்சிய ஒரு தடவை காட்டேன்."

வீடியோவைப் போட்டுக் குழந்தையின் முன்னால் பிடித்தாள். பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டே குழந்தை பார்த்தது.

"யாருடி இது? சொல்லு, யாரு?" என்றாள் அக்கா திரைக்குள்ளிருந்து.

"ஆன்ட்டி" என்றது குழந்தை. பிறகு தன் பொம்மையிடம் திரும்பிவிட்டது.

அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினாள். "நல்லா பேசுறாளே" என்றாள்.

"தினமும் உங்களத்தான் கேட்டுட்டே இருக்காக்கா. இப்ப ஏதோ தூக்கக் கலக்கம்..."

"பொய் சொல்லாதம்மா. மறந்தாத்தான் அவளுக்கு நல்லது. இங்க யாரோ வந்திருக்காங்க, வச்சிடறேன்."

அக்காவுக்குப் பின்னால் கடை காலியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவளே அக்காவைக் கூப்பிட்டாள். அக்காவும் எடுத்தாள். மழையைப் பற்றி, மாடிக்குப் புதிதாக வந்தவர்களைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி எல்லாம் வாய் ஓயாமல் பேசினாள். குழந்தையைக் காட்டு என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.