நகம் நுழையாத மூலை

இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில்தான் ஒரு மனிதனின் தரம் தெரியும். மாப்பிள்ளைக்கு இந்தத் தத்துவம், சட்டங்களைச் சாய்கோணத்தில் அறுக்கும் மைட்டர் ரம்பத்தை வாடகைக்கு எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தோன்றியது. அதுவரை அவர் அறுத்தவற்றுள் பெரியது ஒரு பூசணிக்காய்.

காரணம் மச்சான். மனைவியின் அண்ணன், கட்டிட கான்ட்ராக்டர். சமையல் மேடை அவர் போட்டது. குளியலறை டைல்ஸ் அவர் பதித்தது. யார் வந்தாலும் மனைவி அறை அறையாகக் கூட்டிப்போய், "இது எங்கண்ணன் பண்ணிக் குடுத்தது" என்பாள். கூடம் ஒன்றுதான் மிச்சம். அதன் கூரையோரம் முழுக்க மோல்டிங் அடிக்கவேண்டும். திராட்சைக் குலைகள் செதுக்கிய வெள்ளைச் சட்டம். கூடமும் கைவிட்டுப் போனால், சொந்த வீட்டில் தன் பெயருக்கு ஒரு மூலைகூட இருக்காது என்பது மாப்பிள்ளையின் கவலை.

"ஆள் அனுப்பட்டுமா மாப்ள? மூலை அறுக்கிறது லேசு இல்ல."

"வேணாம் மச்சான். ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

"வரேன். அப்படியே விரல் எல்லாம் பத்திரமா இருக்கான்னும் பாத்துட்டுப் போறேன்."

பெட்டியில் விளக்கப் படம் ஒட்டியிருந்தது. ரம்பத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் சட்டத்தை மட்டும் தலைகீழாக வைத்துக் காட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை அனுதாபத்தோடு சிரித்தார்.

"படம் போட்டவன் தூக்கத்துல போட்டிருக்கான்."

சட்டத்தை நேராக நிமிர்த்தி வைத்து, மற்றதையெல்லாம் படத்தில் உள்ளபடியே செய்து அறுத்தார். ரம்பம் ஊளையிட்டது. மரத்தூள் அவர் புருவத்தில் படிந்து முனிவர் களையைக் கொடுத்தது.

அவரும் மனைவியும் ஆளுக்கோர் ஏணியில் ஏறி, இரண்டு துண்டுகளையும் மூலையில் சேர்த்துப் பிடித்தார்கள். நடுவில் ஓர் உள்ளங்கை நுழையும் இடைவெளி. மீண்டும் அறுத்தார். மீண்டும் உள்ளங்கை.

"அண்ணனுக்கு ஒரு போன் போடட்டுமாங்க?" என்றாள் மனைவி. அவள் அன்பாகத்தான் கேட்டாள். அதுதான் வலித்தது.

"சுவர் கோணல்."

"சுவரும் அண்ணன் கட்டினதுதாங்க."

மனைவிக்குக் கை கடுத்தது. மணிக்கட்டை மாற்றிக்கொள்ள, தன் துண்டைப் புரட்டிப் பிடித்தாள். "உங்களதையும் இப்படித் திருப்புங்களேன், என்னதான் ஆகுதுன்னு பாப்போம்."

திருப்பினார்.

இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று நெடுநாளாகத் தேடியவைபோல ஒட்டிக்கொண்டன. வளைவு வளைவோடும், பள்ளம் பள்ளத்தோடும் போய்ச் சேர்ந்தன. இணைப்பு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இத்தனை கூச்சல் போட்ட இயந்திரத்திலிருந்து இத்தனை அமைதியான ஒன்று பிறக்கும் என்று யார் நினைப்பார்கள்! இருவரும் இரண்டு ஏணிகளில் மூச்சு விடாமல் நின்றார்கள். கோயிலில்கூட மாப்பிள்ளை அப்படி நின்றதில்லை.

"என்னங்க... இது நீங்களா பண்ணீங்க?"

"கோணம்" என்றார் அவர். "எல்லாம் கோணம்தான்."

மற்ற மூன்று மூலைகளும் அதே முறையில் அடைபட்டன.

மச்சான் வந்தார். ஏணியில் ஏறினார். மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் நுழையவில்லை. அடுத்த மூலையிலும் நுழையவில்லை. இறங்கி வந்து, ஏதோ சன்னிதியில் நிற்பவர்போல் கைகட்டி நின்றார்.

"மாப்ள, நம்ம ஆளுங்ககூட இவ்வளவு சுத்தமா சேக்க மாட்டானுங்க."

மாப்பிள்ளை அடக்கமாக இருக்க முயன்றார். முடியவில்லை. மச்சானுக்குக் கோணங்களைப் பற்றி நெடுநேரம் விளக்கினார். மச்சானும் வாய் பிளந்து கேட்டார்.

மறுநாள் மனைவி, பக்கத்து வீட்டம்மாவைக் கூடத்துக்கு அழைத்துவந்து, சமையலறைக்குப் போகாமலே நின்று சொன்னாள்: "இது எங்க வீட்டுக்காரர் பண்ணது."

பக்கத்து வீட்டம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். நான்கு சுவரிலும் திராட்சைக் குலைகள் காம்பு கீழும் நுனி மேலுமாய்த் தலைகீழாக இருந்தன.