விவரித்தவர்

படிவம் ஒரே பக்கம்தான். பெயர், பிரிவு, பணியில் சேர்ந்த ஆண்டு. அதற்குக் கீழே 'உங்கள் ஆராய்ச்சித் துறை, பொதுமக்களுக்குப் புரியும்படி' என்று போட்டு, அளந்து வைத்தாற்போல் இரண்டே இரண்டு கோடுகள். அருங்காட்சியகத்தின் நுழைவாயிலில் புதிதாக ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். யானை எலும்புக்கூட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் புலியையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, மாடியில் யார் யார் உட்கார்ந்து என்ன ஆராய்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டுமாம். அவள் அந்தக் கோடுகளைப் பார்த்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வருட வேலை. யோசிக்க யோசிக்க இரண்டு வரியே அதிகம் என்று தோன்றியது.

அவளுக்கு அங்கே ஈ மேடம் என்று பெயர். எதிரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் தபால் பிரிவிலிருந்து மேலே வரும் பொட்டலங்களின் மூலையில் பென்சிலால் அப்படித்தான் எழுதியிருக்கும். அவளும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. அவள் பார்ப்பது வீட்டில் மொய்க்கிற ஈயை அல்ல. வௌவாலின் உடம்பில் மட்டும் வாழ்கிற, இறக்கையே இல்லாத, பார்வைக்குச் சின்னச் சிலந்தி மாதிரி இருக்கிற ஓர் ஈ. வௌவாலின் முடிக்குள் ஓடித் திரிந்து, அதன் ரத்தத்தைக் குடித்து வாழும். பிரித்து வெளியே வைத்தால் ஓரிரு நாள் தாங்காது. பெரும்பாலும் ஒரு வகை வௌவாலில் இருப்பது இன்னொரு வகையில் இருக்காது. இதை யாருக்கு விளக்கினாலும் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், அடுத்து "அதைத் தெரிஞ்சு என்னங்க பண்றது?" என்பார்கள். அவளிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. சில வருடங்களாக அதைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

தாழ்வாரத்தில் மற்றவர்கள் படிவத்தைக் கொடுத்து முடித்திருந்தார்கள். எதிர் அறைக்காரர் மீனின் காதுக்குள் இருக்கும் எலும்பைப் பார்க்கிறவர். அரிசியளவு இருக்கும் அதைத் தேய்த்து வைத்துப் பார்த்தால், மரத்தை அறுத்தால் தெரிவதுபோல் வளையங்கள் தெரியும். அதை எண்ணி மீனின் வயதைச் சொல்வார். 'மீன்களின் வயதைக் கணிப்பவர்' என்று எழுதிவிட்டு, "ஜோசியக்காரன்னு நினைச்சு ஜாதகத்தைத் தூக்கிட்டு வரப் போறாங்க" என்று தானே சிரித்துக்கொண்டார். கடைசி அறையில் இருக்கும் பாசியம்மா, ஈரச் சுவரில் படர்கிற பாசிகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்து, அதைச் சுருக்கச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு மூன்று நாள் விடுப்பில் போய்விட்டார். ஈ மேடம் மட்டும்தான் பாக்கி.

விளம்பரப் பிரிவுப் பெண் நேரிலேயே வந்துவிட்டாள். கையில் இன்னொரு வெற்றுப் படிவம் வைத்திருந்தாள்.

"மேடம், சாரோடதையும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை பலகை அச்சுக்குப் போகுது. ரிட்டயர்மென்ட் ஆனாலும் சார் பேரைக் கௌரவ ஆய்வாளர்னு போடணும்னு டைரக்டர் சொல்லிட்டாங்க."

சார் என்பது அவள் கணவர். மூன்று அறை தள்ளி, வௌவால் பிரிவு. அந்த அறை பதினோரு மாதமாகப் பூட்டியிருந்தது. ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்து, கால் மட்டும் பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் எப்படியோ தங்கிவிட்டது. 'அப்புறம்.' பசித்தாலும் அப்புறம், போதும் என்றாலும் அப்புறம், மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதற்கும் அப்புறம்தான். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து அவளாக அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். "அவருக்குப் புரியுதுங்க. எவ்வளவு புரியுதுன்னுதான் சொல்ல முடியாது" என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். மருத்துவ விடுப்பு தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை அவரே நேரில் வந்து ஓய்வுத் தாள்களில் கையெழுத்துப் போட வேண்டும்.

தன் படிவத்தை விட்டுவிட்டு அவருடையதை எடுத்தாள். அது சுலபம். 'வௌவால்களை முப்பத்து மூன்று ஆண்டுகளாக ஆராய்கிறார். குட்டைக்காதுக் குகை வௌவால் என்னும் புதிய இனத்தைக்' என்று எழுதிக்கொண்டே போனவளின் பேனா அங்கே நின்றது. அடுத்த சொல் 'கண்டுபிடித்தவர்' என்றுதான் வர வேண்டும். எல்லாச் செய்தித்தாள்களிலும் அப்படித்தான் வந்தது. அவருக்குப் பரிசு கொடுத்த மேடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரு மலையின் இரண்டு பக்கமும் இருந்த குகைகளில் வேலை செய்தார்கள். அவர் வலை கட்டி வௌவால்களைப் பிடித்து அளந்துவிட்டு, மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவார். விடுவதற்கு முன் அவள் அவற்றின் மேல் இருக்கும் ஈக்களைப் பொறுக்கி, கெடாமல் இருக்கச் சாராயக் குப்பியில் போடுவாள். இரண்டு குகையிலும் இருப்பது ஒரே வௌவால் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். இந்தக் குகை ஈயின் காலில் இருக்கும் முள்வரிசை அந்தக் குகை ஈக்கு இல்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் அவரிடம் சொன்னாள்: "ரெண்டும் ஒரே வௌவாலா இருக்க முடியாதுங்க. ஈ வேற." அவர் சிரித்தார். "ஈயைப் பார்த்து வௌவாலைப் பிரிக்கறதா? சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்ற மாதிரி இருக்கு." வீட்டுக்கு வந்த பிறகு அவர் மண்டையோடுகளை அளக்க ஆரம்பித்தார். இரண்டு வருடம் அளந்தார். வௌவால் வேறுதான். கட்டுரை அவர் பெயரில் மட்டும் வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன பட்டியலில், வண்டி ஓட்டியவருக்கும் குகைக்கு வழிகாட்டியவருக்கும் நடுவில், 'ஒட்டுண்ணிகளைச் சேகரித்து உதவிய என் மனைவி' என்று ஒரு வரி இருந்தது.

அவள் எதுவும் கேட்கவில்லை. மகள் அப்போது கைக்குழந்தை. வீடு மாற்ற வேண்டியிருந்தது. கேட்கலாம், கேட்கலாம் என்று தள்ளிப்போட்டதில், கேட்டால் அசிங்கம் என்கிற அளவுக்கு நாள் ஓடிவிட்டது. அந்தக் குகையில் எடுத்த ஈயும் புதியதுதான். அதற்குப் பெயர் வைத்து அவள் ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். அதன் முதல் வாக்கியத்திலேயே, அந்த வௌவாலின் பெயருக்கு அவருடைய கட்டுரையைச் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் எழுதவில்லை. குப்பியில் சாராயம் வற்ற வற்ற ஊற்றி வைப்பாள். பெயரில்லாமலே அது அவள் அலமாரியில் இருந்தது.

பேனாவை மறுபடியும் எடுத்து, 'கண்டுபிடித்தவர்' என்பதற்குப் பதிலாக 'விவரித்தவர்' என்று எழுதினாள். அவர்கள் தொழிலில் அது குறைச்சலான சொல் அல்ல. ஒரு புதிய இனத்தை அளந்து, பெயர் வைத்து, எழுதி வெளியிடுகிறவர் அதை விவரித்தவர். முதலில் யார் கண்ணில் பட்டது என்பது வேறு விஷயம். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. தன் படிவத்தில் 'வௌவால்களின் உடலில் வாழும் ஈக்கள்' என்று முக்கால் வரி எழுதி, இரண்டையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

பேருந்தில் ஏறியதும் போன் வந்தது. விளம்பரப் பிரிவுப் பெண்தான்.

"மேடம், சாரோடதுல விவரித்தவர்னு இருக்கே, கண்டுபிடித்தவர்னு மாத்திடட்டுமா? விவரித்தவர்னா ஏதோ கதை சொன்னவர் மாதிரி இருக்கு. ஜனங்களுக்குப் புரியணும் இல்லையா."

"காலைல சொல்றேன்மா" என்றாள்.

வீட்டில் நாத்தனார் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பள்ளிக்கூட வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். பகல் முழுக்க அண்ணனைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். அவள் இல்லாவிட்டால் இந்தப் பதினோரு மாதம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியாது. அதனாலேயே அவள் எது சொன்னாலும் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"மதியம் நல்லா சாப்பிட்டார். மாத்திரைதான் துப்பிட்டார், மறுபடி குடுத்தேன். ஆமா அண்ணி, ஏதோ போர்டு வைக்கறாங்களாமே, உங்க பொண்ணு போன்ல சொன்னா. அண்ணன் பேர் முதல்ல வருமா?"

"அகர வரிசையாம்."

"உங்க பேரும் உண்டா?" கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். "அண்ணன் வௌவாலைப் பிடிச்சார், அண்ணி அதுல ஈ பொறுக்கினாங்கன்னு போட்டுடுவாங்க."

குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த நகைச்சுவை. அவளும் வழக்கம்போல் சிரித்து, நாத்தனாரை வாசல்வரை கொண்டுவிட்டு வந்தாள்.

அவர் சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வாயைத் துடைத்துவிட்டாள். தலையணையை முதுகுக்குச் சரிசெய்தாள். டீயை ஆற்றி இடது கையில் கொடுத்தாள். பிறகு, சொல்ல வேண்டும் என்று நினைக்காமலே சொன்னாள்.

"போர்டுக்கு உங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதச் சொன்னாங்க. விவரித்தவர்னு எழுதினேன். அந்தப் பொண்ணு கண்டுபிடித்தவர்னு மாத்தணும்ங்கறா."

"அப்புறம்" என்றார். டீ சூடு சரியாக இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம்.

"மாத்தவா?"

"அப்புறம்."

"ஜீப்புல வரும்போது நான் சொன்னேன். ஈ வேறன்னு. நீங்க சிரிச்சீங்க. ஞாபகம் இருக்கா?" அவள் குரல் ஏறவில்லை. மளிகைக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற குரலாகத்தான் இருந்தது. "என் பேரைப் போட்டிருக்கலாம் நீங்க. ரெண்டாவதாவாவது போட்டிருக்கலாம். வண்டி ஓட்டினவருக்குக் கீழ போட்டீங்க. இருபத்திரண்டு வருஷம் நான் வாயைத் திறக்கல. இப்ப நீங்க திறக்க முடியாத நேரமா பார்த்துக் கேக்கறேன். எனக்கே அசிங்கமா இருக்கு."

அவர் டம்ளரைச் சன்னல் திட்டில் வைத்தார். அது பாதி வெளியே நின்றது. அவள் கை நீட்டி உள்ளே தள்ளினாள். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இந்த நோயில் காரணமே இல்லாமலும் அழுகை வரும் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்துக்குக்கூடப் போன வாரம் அழுதார். அதனால் அந்தக் கண்ணீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பின்பு அடுப்படிக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தாள். இத்தனை வருடம் சேர்த்துவைத்ததைச் சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். தோள்பட்டைதான் வலித்தது.

காலையில் அவளே போன் செய்தாள். "விவரித்தவர்னே இருக்கட்டும்மா."

"ரெண்டுக்கும் என்ன மேடம் வித்தியாசம்?"

"வித்தியாசம் இருக்கு."



வியாழக்கிழமை வாடகைக் காரில் அழைத்துப் போனாள். நாத்தனார் அவருக்கு நல்ல சட்டையாகப் போட்டு, தலைக்கு வகிடெடுத்துச் சீவியிருந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். காதெலும்புக்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு பேச்சு வராமல், "லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டாங்க தெரியுமா, நீங்க போன வாரமே வந்திருந்தா படி ஏறணும்" என்றார். "அப்புறம்" என்றார் இவர். அது அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது. எல்லோரும் சற்று நிம்மதியாகச் சிரித்தார்கள். நான்கு தாள், நான்கு கையெழுத்து. இடது கையால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் ஆனது. குமாஸ்தா அவ்வளவு நேரமும் கணினியில் ஏதோ தேடுவதுபோல் திரும்பியே இருந்தார்.

எல்லாம் முடிந்ததும் அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை. வலது காலை இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தார். "கார் நிக்குதுங்க" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றார். அவள் சாவி வாங்கி வந்து திறந்தாள்.

உள்ளே பூச்சி உருண்டை நாற்றம். கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள். குட்டைக்காதுக் குகை வௌவாலுக்குச் சன்னல் பக்கம் தனி அலமாரி உண்டு. வருகிற விருந்தினர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் திறந்து காட்டுவார். இன்றைக்கும் அங்கேதான் போகப் போகிறார் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினாள். அவர் போகவில்லை. பக்கத்திலேயே கைக்கு எட்டிய இழுப்பறையை இடது கையால் இழுத்தார். அது பாதியில் சிக்கியது. அவள் மறுபக்கம் பிடித்து இழுத்து, தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாதாரண வௌவால்கள். பஞ்சடைத்த தோல்கள், இறக்கை மடக்கி, காலில் அட்டை கட்டி, இருபது இருபத்தைந்து வரிசையாகக் கிடந்தன.

அவர் கோடியிலிருந்த ஒன்றின் முதுகில் விரலை வைத்து, முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளினார். பிறகு குனிந்து அந்த இடத்தில் மெல்ல ஊதினார்.

வௌவால்காரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அவர்களுக்குக் கை எலும்பின் நீளம், காது, பல்தான் வேண்டும். முடியை ஊதிப் பிரித்து அடித்தோல் வரைக்கும் பார்ப்பது ஈ தேடுகிறவர்கள் செய்கிற காரியம். அவர் ஊதி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் காற்று நேராகப் போகவில்லை. இரண்டாம் முறை ஊதினார். பழைய தோல்களில் விஷ மருந்துத்தூள் இருக்கும், அதை இப்படி ஊதக் கூடாது. சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. பிரிந்த முடி மூடிக்கொள்ளாமல் இருக்க விரலை அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டு, அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அப்புறம்" என்றார்.

காய்ந்துபோன தோலில் ஈ எதுவும் இருக்காது. வௌவால் செத்த அன்றைக்கே அது இறங்கிப் போயிருக்கும். அவள் கைப்பையைத் துழாவி உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் வைத்து, அவர் தோளோடு தோள் இடிக்கக் குனிந்தாள். சாம்பல் முடிகளுக்கு நடுவில் நூலிழை அகலத்துக்கு வெளிறிய தோல் தெரிந்தது. அதன் ஓரத்தில் அவருடைய நகம், பெரிதாக.

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் விரலைச் சற்று நகர்த்தி, அடுத்த இடத்தில் ஊதினார்.